எல்லை தெரிஞ்ச கார்!

ஆர்.டி.ஓ. கிரவுண்டில் ‘எட்டு’ போட்டு லைசென்ஸ் வாங்கியவரா நீங்கள்? காலை ஊன்றாமல் எட்டு போட்டீர்கள், இன்ஸ்பெக்டர் தலையாட்டினார், கார்டு கைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் உங்களை யாராவது எதையாவது கேட்டார்களா? ‘தம்பி, ராத்திரியில ஓட்டுவியா? கொட்டுற மழையில ஓட்டுவியா? கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்கே ஓட்டுவியா?’ ம்ஹூம்... ஒருத்தரும் கேட்கவில்லை!

மனுஷனுக்கு அது ஓ.கே. ‘மழை ஜாஸ்தியா இருக்கு மச்சி, டீக்கடையில ஒதுங்கிட்டு அப்புறமா போலாம்’ என்று சொல்ல நமக்குத் தெரியும். கோடு போட்டுத் தராவிட்டாலும் நாமே ஒரு கோடு போட்டுக்கொள்வோம். சில சமயம் அதைத் தாண்டி அடிபட்டுக்கொள்வோம் என்பது வேறு விஷயம்.

ஆனால், டிரைவர் சீட்டில் ஆளே இல்லாத ஒரு கார்? ‘போதும்டா, ஓரமா நிறுத்து’ என்று அதற்கு யார் சொல்வது?

இந்த வார மேட்டர் அதுதான். தானாக ஓடும் கார் என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி, ‘அது ஓட்டுமா, ஓட்டாதா?’ கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. ‘எங்கே ஓட்டும்? எப்போ ஓட்டும்? அதுக்கு மேல போனா என்ன பண்ணும்?’ இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வைக்காத இடத்தில் உயிர் போயிருக்கிறது. ஒரு தடவை இல்லை, ஒரே மாதிரி இரண்டு தடவை. அந்தக் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன?

தானியங்கி கார் என்றால் உடனே ‘லெவல்’ கணக்கு சொல்லி சீன் போடுகிற ஒரு ஆள் எல்லா கிளாஸிலும் இருப்பார். அது எஸ்.ஏ.இ. என்கிற பொறியாளர் அமைப்பு 2014-ல் முதன்முதலாக வெளியிட்டு, அப்புறம் பல தடவை திருத்திய பட்டியல். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மொத்தம் ஆறு படிகள்.

பூஜ்யம் என்றால் எல்லாமே நீங்கள்தான். ஒன்று என்றால் ஸ்டீயரிங், வேகம் இரண்டில் ஒன்றை கார் பார்த்துக்கொள்ளும். இரண்டு என்றால் இரண்டையும் கார் பார்த்துக்கொள்ளும்; ஆனால் ரோட்டைப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மூன்றில் கார் தானே ஓட்டும். ‘என்னால முடியல, வாங்க’ என்று கூப்பிட்டால் நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். நான்கில் கூப்பிடவே கூப்பிடாது. ஐந்திலும் கூப்பிடாது.

‘அப்போ நாலுக்கும் அஞ்சுக்கும் என்ன பாஸ் வித்தியாசம்?’

சபாஷ்! இன்றைய பாடமே அந்த வித்தியாசம்தான். நான்காவது லெவல் கார் ஒரு எல்லைக்குள் மட்டும் ஆளில்லாமல் ஓடும். ஐந்தாவதுக்கு எல்லையே கிடையாது; மனிதன் ஓட்டக்கூடிய ரோடு எதுவானாலும் அதுவும் ஓட்ட வேண்டும். அப்படி ஒரு கார் இன்னும் பிறக்கவில்லை. டிரைவர் இல்லாமல் இன்று ஊருக்குள் ஆளை ஏற்றி இறக்குகிற டாக்ஸிகள் எல்லாமே நாலாம் நம்பர்தான்.

அந்த எல்லைக்கு இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் பெயர் ஆபரேஷனல் டிசைன் டொமைன். சுருக்கமாக ஓ.டி.டி. நாம் ‘இயங்கு எல்லை’ என்று வைத்துக்கொள்வோம். எந்த ரோடு, எந்த வேகம், எந்த வானிலை, என்ன வெளிச்சம், சுற்றிலும் யார் யார்... இந்த நிலைமைகளுக்குள் ஓட்டத்தான் இந்த கார் தயாரிக்கப்பட்டது என்று தயாரித்தவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

உண்மையில் இது புது ஐடியாவே இல்லை. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா லைனில் 2020 டிசம்பரில் டிரைவர் இல்லாத ரயில் ஓட ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கங்களில் 2008-லிருந்தே டிரைவர் இல்லாத ராட்சத லாரிகள் மண் அள்ளிப்போகின்றன. கார் திணறுகிற வேலையை ரயிலும் சுரங்க லாரியும் எப்படிச் சுலபமாகச் செய்கின்றன? அவை ஓடும் இடத்தில் கண்டவர் நுழைய முடியாது. குறுக்கே ஸ்கூல் பையன் சைக்கிளில் வரமாட்டான். எல்லை சின்னது, வேலியும் போட்டாயிற்று. மெஷினுக்கு மூளை அதிகம் என்று அர்த்தமில்லை, அதைக் குழப்ப ஆள் குறைவு!

பாலைவனத்துல ஆரம்பிச்ச கதை

எல்லை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான டார்பா 2004 மார்ச்சில் மொஹாவி பாலைவனத்தில் ஒரு போட்டி வைத்தது. ஆளில்லாத வண்டி 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடவேண்டும். பரிசு பத்து லட்சம் டாலர். முடிவு? ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிகபட்சமாக ஓடியது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி, அதுவும் சுமார் 12 கிலோ மீட்டர்தான்! பரிசுப் பணம் பத்திரமாக டார்பாவிடமே இருந்தது.

அடுத்த வருஷமே, 2005 அக்டோபரில், ஐந்து வண்டிகள் சுமார் 212 கிலோ மீட்டரை முடித்தன. ஜெயித்தது ஸ்டான்ஃபோர்டின் ‘ஸ்டான்லி’. கலக்கல்தான். ஆனால் எல்லையைக் கவனியுங்கள். பாலைவனம். எதிரே டிராஃபிக் இல்லை. போகவேண்டிய பாதையின் புள்ளிகள் முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டன.

2007-ல் அதே டார்பா போட்டியை ‘ஊருக்குள்’ கொண்டுவந்தது. ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை, காலியாகக் கிடந்த ஒரு விமானப்படைத் தளம். மற்ற வண்டிகள் உண்டு, மனிதர்கள் ஓட்டும் கார்களும் உண்டு. ஆனால் நடந்து போகிறவர்கள் இல்லை, சிக்னல் விளக்கும் இல்லை. கார்னகி மெலனின் ‘பாஸ்’ என்ற வண்டி முதலிடம் பிடித்தது.

மூன்று வருஷத்தில் மெஷின் மட்டுமா வளர்ந்தது? ‘எதெல்லாம் இருக்கலாம், எதெல்லாம் இருக்கக் கூடாது’ என்கிற பட்டியலும் சேர்ந்து வளர்ந்தது. ‘தானாக ஓடும் கார் ஜெயித்தது’ என்று நாம் தலைப்பை மட்டும் படித்தோம். அது எந்தப் பட்டியலுக்குள் ஜெயித்தது என்பது சின்ன எழுத்தில் இருந்தது.

மழைன்னா எவ்ளோ மழை?

சரி, பட்டியலை எப்படிப் போடுவது? பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பு 2020-ல் இதற்காகவே பி.ஏ.எஸ். 1883 என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. 2023-ல் ஐ.எஸ்.ஓ.வும் 34503 என்ற எண்ணில் உலகத் தரம் ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டுமே விஷயத்தை மூன்று பெட்டியாகப் பிரிக்கின்றன.

முதல் பெட்டி, அசையாதது: ரோடு எத்தனை லேன், நடுவில் தடுப்பு உண்டா, கோடு தெரிகிறதா, வளைவு, சரிவு, பாலம், சுரங்கப்பாதை, ரவுண்டானா. இரண்டாவது, சூழ்நிலை: மழை, பனி, மூடுபனி, புழுதி, வெயில், இருட்டு, போன் சிக்னல் வரை. மூன்றாவது, அசைவது: மற்ற வண்டிகள், நடப்பவர்கள், சைக்கிள், விலங்குகள், ஆம்புலன்ஸ், கூடவே நம்ம கார் போகும் வேகம்.

இதில் ‘மழை பெய்தால் ஓடாது’ என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது. தூறலும் மழை, ஊரை முழுங்குகிற மழையும் மழை. மணிக்கு எத்தனை மில்லி மீட்டர் என்று எண் போட வேண்டும். மூடுபனி என்றால் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று எண் வேண்டும்.

அந்த எண் எங்கேயிருந்து வருகிறது? வானத்திலிருந்து குதிப்பதில்லை, உங்கள் ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ் புத்தகத்திலிருந்துதான் வருகிறது! பிரேக் பிடித்து நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை பிரேக் தரும் எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். காய்ந்த ரோட்டில் எதிர்முடுக்கம் 7, ஈர ரோட்டில் அதில் பாதி 3.5 என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் காய்ந்த ரோட்டில் சுமார் 20 மீட்டர், ஈர ரோட்டில் 40 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் காய்ந்த ரோட்டில் 55, ஈர ரோட்டில் 110. கம்ப்யூட்டர் ‘அய்யோ’ என்று முடிவெடுக்க அரை விநாடி என்றால், 60-ல் இன்னும் 8 மீட்டர், 100-ல் 14 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூடுபனியில் கார் 50 மீட்டர்தான் பார்க்கிறது என்றால்? 60-ல் போகிற கார் ஈர ரோட்டிலும் 48 மீட்டரில் நின்றுவிடும். பிழைத்தோம். 100-ல் போகிற கார் காய்ந்த ரோட்டில்கூட 69 மீட்டர் கேட்கும். மோதல் நிச்சயம். மெஷின் எவ்வளவு புத்திசாலி என்பது இங்கே செல்லுபடியாகாது, நியூட்டன் விடமாட்டார். அதனால்தான் ‘இந்த அளவு மூடுபனி என்றால் இந்த வேகத்துக்கு மேல் கூடாது’ என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

சென்ஸார்களும் நம்மைப் போலத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீக்னஸ். கேமராவுக்கு நேரெதிரே சாயங்கால சூரியன் வந்தால் கண் கூசும். லேஸர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாருக்கு மூடுபனித் துளிகளும் மழைத் துளிகளும் தொல்லை, ஒளியைச் சிதறடித்துவிடும். ரேடாருக்கு மழை, இருட்டு பிரச்னையில்லை. ஆனால் எதிரே இருப்பது என்ன உருவம் என்று துல்லியமாகச் சொல்லாது. சிம்போஸியத்தில் லைன் ஃபாலோயர் ரோபோ விட்டவர்களுக்கு இது புரியும். லேபில் சார்ட் பேப்பர் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி விட்டால் சமர்த்தாக ஓடும். ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிற ஹாலுக்குக் கொண்டுபோனால் அகச்சிவப்பு சென்ஸார் குழம்பி, டேபிளைவிட்டு ஜட்ஜ் மடியில் விழும்! ரோபோ கெட்டுப்போகவில்லை, எல்லையைத் தாண்டிவிட்டது.

ஒரே விபத்து, ரெண்டு தடவை

இப்போது அந்தக் கதை.

2016 மே 7. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், வில்லிஸ்டன் அருகே நெடுஞ்சாலை. ஒரு டெஸ்லா மாடல் எஸ், ஆட்டோபைலட் போட்டபடி, மணிக்கு சுமார் 119 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருந்தது. எதிரிலிருந்து வந்த லாரி ஒன்று, சாலையைக் கடந்து பக்கத்துத் தெருவுக்குள் இடதுபக்கம் திரும்பியது. நீளமான டிரெய்லர் ரோட்டை அடைத்து நின்றது. கார் பிரேக் போடவில்லை. அதற்கு அடியில் நுழைந்தது. ஓட்டியவர் இறந்துபோனார்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2017 செப்டம்பரில் முடிவைச் சொன்னது. லாரி டிரைவர் வழிவிடவில்லை, கார் டிரைவர் மெஷினை அளவுக்கு மீறி நம்பிக் கவனிக்காமல் இருந்தார் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்த ஆட்டோபைலட், குறுக்கே வண்டிகள் வராத நெடுஞ்சாலைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. வில்லிஸ்டன் ரோடு அப்படிப்பட்டது இல்லை. அது கையேட்டில் எழுதியிருந்தது. ஆனால் குறுக்குத் தெருக்கள் உள்ள ரோட்டில் ஆட்டோபைலட்டைப் போட முயன்றபோது கார் மறுக்கவில்லை. ‘வடிவமைத்த நிலைமைகளுக்குள் மட்டுமே இது இயங்கும்படி காரிலேயே கட்டுப்பாடு வையுங்கள்’ என்று கார் கம்பெனிகளுக்கு வாரியம் பரிந்துரை செய்தது.

2019 மார்ச் 1. அதே ஃப்ளோரிடா, டெல்ரே பீச். இந்த முறை மாடல் 3. ஆட்டோபைலட் போட்டுப் பத்து விநாடிதான் ஆகியிருந்தது. வேகம் மணிக்கு சுமார் 111 கி.மீ. பக்கத்து இடத்திலிருந்து ஒரு லாரி ரோட்டைக் கடக்க வந்தது. கார் டிரெய்லருக்கு அடியில் நுழைந்து மேற்கூரை பிய்ந்தது. இன்னொருவர் இறந்தார். 2020-ல் வந்த அறிக்கையில் வாரியம் பழைய பரிந்துரையையே மறுபடியும் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

‘இவ்விடம் குளிக்காதீர்கள், ஆழம் அதிகம்’ என்று கிணற்றங்கரையில் போர்டு வைப்பது ஒரு வகை. கம்பிக் கதவு போட்டுப் பூட்டுவது இன்னொரு வகை. கையேட்டில் எழுதிய எல்லை வெறும் போர்டு. அதைப் படிக்கிறவர் எத்தனை பேர்? செல்போன் வாங்கினால்கூட நாம் கையேட்டைப் பிரிக்காமல் டப்பாவோடு பரணில் போடுகிற ஜாதி!

2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா இருபது லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் சாஃப்ட்வேர் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. டிரைவர் ஆட்டோஸ்டீயரைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு போதாது என்பது அரசுப் பாதுகாப்புத் துறை சொன்ன காரணம். போர்டிலிருந்து பூட்டுக்கு வர இத்தனை வருஷம்.

பூட்டு போட்டவங்க

இதற்கு நேரெதிரான அணுகுமுறை ஐ.நா.வின் வாகன விதி எண் 157. 2020 ஜூனில் ஏற்கப்பட்டு, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மூன்றாவது லெவலில் லேன் மாறாமல் ஓடும் கார்களுக்கு அது விதித்த எல்லையைப் பாருங்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லாத ரோடு. எதிரெதிர் டிராஃபிக்குக்கு நடுவே திடமான தடுப்பு, அதாவது குறுக்கே யாரும் வெட்டிக்கொண்டு வர முடியாது. ஆரம்பத்தில் உச்ச வேகம் 60 கி.மீ. ஃப்ளோரிடாவில் நடந்தது இந்த எல்லைக்குள் நடக்க வாய்ப்பே இல்லை!

இதற்குள் அடங்கி மெர்சிடிஸ் கம்பெனி 2022 மே மாதம் ஜெர்மனியில் ‘டிரைவ் பைலட்’டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்தது நெரிசலான ஆட்டோபானில் மட்டும், அதுவும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வைத்த பகுதிகளில். ரோடு ஈரமா என்று பார்க்க சக்கர வளைவுக்குள் ஒரு சென்ஸார். ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கேட்க ஒரு மைக். ‘இத்தனை காசு போட்டு 60-ல போறதுக்கா?’ என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த எல்லைக்குள் ரோட்டைப் பார்க்கிற வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டது. கோடு சின்னதாக இருந்ததால்தான் அந்தப் பொறுப்பை ஏற்க முடிந்தது.

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். அங்கே வாகனத் துறை, கார் ஓட்டும் எல்லையை எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுமதி தருகிறது. 2021 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், ஊர் அதே சான் ஃபிரான்சிஸ்கோ. க்ரூஸ் கம்பெனிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும், வேகம் மணிக்கு 48 கி.மீ.க்குள், லேசான மழை, லேசான மூடுபனி வரை. வேமோ கம்பெனிக்கு 104 கி.மீ. வேகம் வரை, மழையும் லேசான மூடுபனியும் இருந்தாலும் ஓகே, ஆனால் அப்போது உள்ளே ஒரு பாதுகாப்பு டிரைவர் உண்டு. ஒரே ஊர், ஒரே ரோடு, ஒவ்வொரு மெஷினுக்கும் வேற வேற கோடு!

கோட்டைத் தாண்டினா?

எல்லையை எழுதினால் பாதிக் கிணறுதான். கார் எல்லைக்குள் இருக்கும்போதே திடீரென்று மழை கொட்டலாம், ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கலாம். அப்போது?

மூன்றாவது லெவலில், டிரைவரைக் கூப்பிடும். ஐ.நா. விதிப்படி, கூப்பிட்டதும் ஆள் வராவிட்டால் குறைந்தது 10 விநாடியாவது பொறுத்துவிட்டுத்தான் காரை நிறுத்தும் வேலையைத் தொடங்கலாம். பத்து விநாடி என்றால் 60 கி.மீ. வேகத்தில் 167 மீட்டர். படம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, ரோட்டைப் புரிந்துகொண்டு, கையை வைக்க அவ்வளவு நேரம் தேவை.

நான்காவதில் கூப்பிட ஆள் இல்லை. காரே பாதுகாப்பாக ஓரங்கட்ட வேண்டும். கேட்க ஈஸியாக இருக்கிறது இல்லையா? 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதி ஒரு பெண், ஆளில்லாத க்ரூஸ் காரின் முன்னால் வந்து விழுந்தார். அது அவர் மேல் மோதி நின்றது. அடியில் ஆள் இருப்பதைப் புரிந்துகொள்ளாமல், ‘விபத்து நடந்துவிட்டது, ஓரங்கட்டு’ என்ற தன் விதிப்படி மறுபடி நகர்ந்து, சுமார் 20 அடி அவரை இழுத்துக்கொண்டு போனது. அந்த மாதமே க்ரூஸின் அனுமதி நிறுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸித் திட்டத்துக்கே பணம் போடுவதை நிறுத்திக்கொண்டது. ‘ஓரங்கட்டுவது எப்போதும் பாதுகாப்பு’ என்பதும் ஓர் அனுமானம்தான். அதற்கும் எல்லை உண்டு.

இன்னொன்று, 2025 டிசம்பர் 20. அதே ஊரில் துணை மின் நிலையத்தில் தீப்பிடித்து ஊரின் பெரும் பகுதியில் கரன்ட் கட். சிக்னல்கள் எல்லாம் அணைந்துவிட்டன. வேமோ டாக்ஸிகள் பல, சந்திப்புகளில் அப்படியே நின்று டிராஃபிக்கை அடைத்தன. அணைந்த சிக்னலைச் சமாளிக்க அவற்றுக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்த கார்கள் கன்ட்ரோல் ரூமைக் கேட்டு உறுதி செய்துகொள்ளப் பார்த்தன. ஒரே நேரத்தில் ஊர் முழுக்க எல்லா கார்களும் கேட்டால்? ஒரு கார் ஒரு சிக்னலில் நிற்பது பாதுகாப்பு. நூறு கார் நூறு சிக்னலில் நின்றால் ஆம்புலன்ஸுக்கு வழி எங்கே? எல்லையைத் தனித்தனி காருக்கு மட்டும் எழுதினால் போதாது, மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அன்று தெரிந்தது.

கங்காருவும் ஆட்டோவும்

வோல்வோ கம்பெனிக்கு ஸ்வீடன் சொந்த ஊர். அங்கே ரோட்டில் குறுக்கே வருவது மூஸ் என்கிற ராட்சத மான். அதைக் கண்டுபிடிக்கப் பழக்கிய சிஸ்டத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கங்காரு வந்தது! தரையில் நிற்கும் பொருளை வைத்துத்தான் சிஸ்டம் தூரத்தைக் கணக்குப் போடும். கங்காரு குதித்து காற்றில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையில் இறங்கியதும் கிட்டே வந்துவிட்டதாகவும் தெரிந்ததாம். 2017-ல் கம்பெனியே இதைச் சொன்னது.

நம்ம ஊர் கங்காரு எது? ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல்லும் சேர்ந்து 2018-ல் இந்திய ரோடுகளின் படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டன. ஹைதராபாத், பெங்களூர் பகுதிகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள், 34 வகைப் பொருள்கள். ஐரோப்பியத் தொகுப்புகளில் இல்லாத ‘ஆட்டோரிக்‌ஷா’ இதில் தனி வகை. தார் ரோட்டுக்குப் பக்கத்தில் நாம் சர்வசாதாரணமாக வண்டியை இறக்கும் மண் ஓரத்துக்கும் தனி வகை தேவைப்பட்டது. ‘ரோடு எங்கே முடிகிறது?’ என்ற கேள்விக்கே இங்கே பதில் வேறு. அமெரிக்காவில் எழுதிய எல்லையை ஜெராக்ஸ் எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

2018 மார்ச்சில் அரிஸோனாவின் டெம்ப்பி நகரில் உபரின் சோதனைக் கார், ராத்திரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண் மேல் மோதியது, அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே சென்ஸார் அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்று அந்த சாஃப்ட்வேர் நினைக்கவே இல்லை என்றது விசாரணை. நம்ம ஊரில் எல்லோரும் கடப்பதே அப்படித்தானே, பாஸ்!

ஏழு கேள்வி... பர்ஸில் வெச்சுக்கோங்க

நாளைக்கு யாராவது ‘தானா ஓடும்’ என்று ஒரு வண்டியை உங்களிடம் விற்க வந்தால், அல்லது அதைத் தயாரிக்கிற வேலைக்கே நீங்கள் இன்டர்வியூ போனால், கேட்க வேண்டியவை:

1. எந்த ரோடு? குறுக்கே வண்டி வருமா?
2. எந்த வேகம் வரை?
3. எவ்வளவு மழை, எவ்வளவு மூடுபனி, என்ன வெளிச்சம்? பதில் எண்ணாக இருக்க வேண்டும்.
4. யார் யார் எதிரே வருவார்கள் என்று நினைத்துச் செய்தீர்கள்?
5. எல்லை முடியப்போவதை காரே கண்டுபிடிக்குமா?
6. முடிந்தால் என்ன செய்யும்? நூறு கார் ஒரே நேரத்தில் அதைச் செய்தால்?
7. அந்த எல்லை போர்டா, பூட்டா?

ஃபைனல் இயர் மக்களுக்கு ஸ்பெஷலாக ஒன்று. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கடைசி சாப்டருக்கு முன்னால் ‘லிமிடேஷன்ஸ்’ என்று அரைப்பக்கம் வரும், ஞாபகம் இருக்கா? சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து அப்படியே காப்பியடிக்கிற பக்கம். வைவாவில் எக்ஸ்டெர்னல் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார் என்ற தைரியம். தானியங்கி கார் செய்கிறவர்கள் அந்த அரைப்பக்கத்தைத்தான் முதல் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. சென்ஸார் எத்தனை, மோட்டார் எத்தனை, கோடிங் எத்தனை வரி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் முடிவாகும்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்கள் காலேஜ் பஸ் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை. டிரைவர் அண்ணன் இல்லாமல் அந்த பஸ் ஓட வேண்டுமானால் அதற்கு இயங்கு எல்லை எழுதுங்கள். ரோடு, வேகம், மழை, ஆடு மாடு, ராங் சைடில் வரும் பைக், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, கோயில் திருவிழா ஊர்வலம், எல்லாம் வர வேண்டும். எத்தனை பக்கம் வருகிறதென்று பாருங்கள். எழுதி முடித்ததும் அந்த டிரைவர் அண்ணனிடம் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். நீங்கள் விட்டது எத்தனை என்று அவர் சொல்லுவார். அந்த விட்டுப்போன லிஸ்ட்டை எனக்கு எழுதி அனுப்புங்கள், நல்லதாகப் பத்தை இதே பக்கத்தில் போடுவோம்.

அடுத்த வாரம் பார்ப்போம்... வர்ட்டா!